கர்ப்ப காலத்தில் நுரையீரல் அறுவை சிகிச்சை: எக்ஸ்ரே எடுப்பது முதல் பிரசவம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நுரையீரலில் ஆபரேஷன் தேவை என்று டாக்டர் சொல்லும் நேரத்தில் வயிற்றில் குழந்தையும் இருந்தால், வீட்டில் எல்லோரும் முதலில் கேட்பது "குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே?" என்றுதான். நியாயமான கேள்வி. அதற்கான பதில் தாயின் மூச்சில் இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை தானாக மூச்சு விடுவதில்லை. தாயின் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு உண்டு. தாய்க்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கும் முட்டும். ஆகவே தாயின் நுரையீரலுக்குச் செய்கிற வைத்தியம் குழந்தைக்கும் செய்கிற வைத்தியம். வீட்டில் முடிவு எடுக்கிற எல்லோரும், குறிப்பாக கணவரும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும், முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பும் மயக்க மருந்து நிபுணர்கள் அமைப்பும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட பரிந்துரையும் இதே வழியில்தான் போகிறது. அவசியமான அறுவை சிகிச்சையைக் கர்ப்பத்தைக் காரணம் காட்டி எந்த மாதத்திலும் மறுக்கக் கூடாது, தாமதப்படுத்தவும் கூடாது. காத்திருக்கக் கூடியதைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் உங்கள் நோய் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

படி 1: காத்திருக்க முடியுமா, முடியாதா?

கர்ப்ப காலத்தில் பெரிய நுரையீரல் ஆபரேஷன் அபூர்வம். ஆனால் அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோகிற நோய்கள் நம் ஊரில் அவ்வளவு அபூர்வமானவை அல்ல.

நெஞ்சுக்குள் காற்று கசிந்து நுரையீரல் சுருங்குவது ஒன்று. இளம் வயதில், திடீரென்று ஒரு பக்க நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலுமாக வரும். காற்று கொஞ்சமாக இருந்து மூச்சு சிரமம் இல்லையென்றால் மருத்துவமனையில் வைத்துக் கவனித்தாலே போதும். அதிகம் என்றால் ஊசியால் உறிஞ்சுவார்கள், அல்லது விலா இடுக்கில் டியூப் போடுவார்கள். கசிவு நிற்காமல் தொடர்ந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோதான் ஆபரேஷன். கர்ப்பத்தில் முடிந்தவரை டியூபோடு சமாளித்து, மறுபடி வராமல் தடுக்கும் ஆபரேஷனைப் பிரசவத்துக்குப் பிறகு செய்வதே பொதுவான வழக்கம்.

நிமோனியாவுக்குப் பிறகோ காசநோயாலோ நெஞ்சுக்குள் சீழ் கட்டுவது இன்னொன்று. இது நீண்ட நாள் காத்திருக்காது. டியூப் போட்டு ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை, சீழ் தடித்து நுரையீரலைச் சுற்றித் தோல் மாதிரி படிந்துவிட்டது என்றால் அதை உரித்தெடுக்க வேண்டும். ஓயாத காய்ச்சலும் கிருமித் தொற்றும் குறைப்பிரசவத்தைத் தூண்டக் கூடியவை. இந்த நிலையில் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது குழந்தைக்குச் செய்கிற நன்மை ஆகாது.

பழைய காசநோய் விட்டுப்போன குழியிலிருந்தோ, சிதைந்து விரிந்த மூச்சுக்குழாயிலிருந்தோ இருமலில் ரத்தம் வருவது மூன்றாவது. ரத்தம் அதிகமாக வந்தால், தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகப் போய்க் கசிகிற இடத்தை அடைக்கும் சிகிச்சையை முதலில் முயல்வார்கள். அதிலும் நிற்காவிட்டால்தான் நுரையீரலின் அந்தப் பகுதியை எடுப்பது.

இவை தவிர நாய் வழியாகப் பரவும் நாடாப்புழுவின் நீர்க்கட்டி, பிறவியிலேயே தமனியும் சிரையும் நேரடியாக இணைந்திருப்பது, அபூர்வமாகப் புற்றுநோய் ஆகியவையும் உண்டு. தமனி சிரை இணைப்பு உள்ளவர்கள் தனிக் கவனத்தோடு இருக்க வேண்டும். கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அந்த அழுத்தத்தில் இணைப்பு பெரிதாகி வெடிக்கலாம். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும் பரம்பரை நோய் இருந்தால், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இதை எல்லாவற்றையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "இதை இப்போதே செய்யாவிட்டால் எனக்கும் குழந்தைக்கும் என்ன ஆகலாம்? பிரசவம் வரை ஓட்டுவதற்கு வேறு வழி இருக்கிறதா?"

படி 2: அவசரம் என்றால் யோசிக்க நேரமில்லை

படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் இடையில் மூச்சு வாங்குவது, உதடு நீலம் பூப்பது, இருமலில் ரத்தம் கட்டியாகவோ கொட்டியோ வருவது, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 95-க்குக் கீழே போவது. இவற்றில் எது நடந்தாலும் 108-ஐ அழையுங்கள். அழைக்கும்போதே கர்ப்பிணி என்பதையும் எத்தனை மாதம் என்பதையும் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு 92, 93 இருந்தால் "பரவாயில்லை, பார்க்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது.

ரத்தம் வருகிற பக்கம் எது என்று முன்பே தெரிந்திருந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காமல் இருப்பதற்காக. தெரியாவிட்டால் சாய்ந்து உட்கார வைக்கலாம். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். ஐந்தாம் மாதத்துக்கு மேல் கருப்பை முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தி, தாயின் ரத்த அழுத்தத்தையே இறக்கிவிடும்.

படி 3: எக்ஸ்ரேவுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் பயப்படாதீர்கள்

தேவையில்லாத பயத்தால் மிக அதிகமாகத் தாமதம் ஆகிற இடம் இதுதான். "கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுக்கவே கூடாது" என்று யாராவது சொல்லி, நோய் முற்றும்வரை இருமல் மருந்திலேயே வாரங்கள் ஓடிப்போவதுண்டு.

கணக்கைப் பார்ப்போம். நெஞ்சு எக்ஸ்ரேயில் குழந்தைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவைத் தாண்டுவதில்லை. நெஞ்சு சி.டி. ஸ்கேனில் அதிகபட்சம் 0.66 மில்லிகிரே. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சே கர்ப்ப காலம் முழுவதற்கும் கிட்டத்தட்ட 0.5 முதல் 1 மில்லிகிரே இருக்கும். குழந்தைக்குக் குறைபாடு உண்டாக்குமோ என்று கவலைப்பட வேண்டிய அளவு 50 மில்லிகிரேக்கு மேல். நெஞ்சில் எடுக்கிற படத்தில் கதிர் நேராக வயிற்றில் படுவதில்லை என்பதால்தான் இவ்வளவு குறைவு.

டாக்டர் கேட்டால் எடுத்துவிடுங்கள். சி.டி.க்குப் போடும் அயோடின் சாய ஊசியையும் தேவைப்பட்டால் போடலாம். எம்.ஆர்.ஐ. எடுப்பதிலும் தடை இல்லை. அதற்குப் போடும் கடோலினியம் ஊசியை மட்டும் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள்.

காசநோய் சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனையை ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். காசநோய் உறுதியானால் ஐசோநயசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால் போன்ற வழக்கமான மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் கொடுப்பார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் கூடாது. குழந்தையின் செவித்திறனை அது பாதிக்கும்.

படி 4: எல்லா டாக்டர்களும் ஒரே இடத்தில் கிடைக்கும் மருத்துவமனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் உங்களால் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள் என்பேன். நெஞ்சு அறுவை நிபுணர், மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், நுரையீரல் மருத்துவர், பச்சிளங்குழந்தை மருத்துவர் என இந்த ஐந்து பேரும் ஆபரேஷனுக்கு முன் ஒருமுறையாவது சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் "மகப்பேறு டாக்டர் சரி என்றால் செய்யலாம்" என்பார், மற்றவர் "நெஞ்சு டாக்டர் சொல்லட்டும்" என்பார். நடுவில் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவது நீங்கள்தான்.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு நோய்க்குப் பேர்போன தாம்பரம் சானடோரியம் ஓர் இடத்தில் இருக்கிறது, பிரசவத்துக்குப் பேர்போன எழும்பூர் மருத்துவமனை இன்னோர் இடத்தில். இரண்டுமே அந்தந்தத் துறையில் பெரிய அனுபவம் உள்ளவை. ஆனால் உங்கள் பிரச்சினைக்கு இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் வேண்டும், அல்லது ஒரு குழு இன்னொரு இடத்துக்கு வந்து நிற்கும் ஏற்பாடு வேண்டும். ஆபரேஷன் நடுவில் அவசரமாகக் குழந்தையை எடுக்க நேர்ந்தால் அங்கேயே எடுக்க முடியுமா, எடுத்த குழந்தைக்கு அங்கேயே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதிகள் சேர்ந்து இருக்கும் வாய்ப்பு அதிகம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட கவுன்டரில் உங்கள் சிகிச்சைக்கு முன் அனுமதி கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தாய்சேய் நல அட்டையும், கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கிடைத்த பிக்மி எண்ணும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

படி 5: எந்த மாதத்தில்?

நாள் குறிக்க அவகாசம் உள்ளவர்களுக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்கள் தாண்டியிருக்கும். கருப்பையும் நுரையீரலை மேலே தள்ளும் அளவுக்கு வளர்ந்திருக்காது. கடைசி மூன்று மாதங்களில் குறைப்பிரசவ வலி வரும் வாய்ப்பு கூடுகிறது, மூச்சுக்குழாயில் டியூப் போடுவதும் சிரமமாகிறது.

முதல் மூன்று மாதத்திலேயே அவசரம் வந்துவிட்டால்? வழக்கமான அளவில் கொடுக்கும் இன்றைய மயக்க மருந்துகள் எதுவும் மனிதக் குழந்தைக்குப் பிறவிக் குறைபாட்டை உண்டாக்குவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. கருச்சிதைவு அபாயம் உண்டு. அது மயக்க மருந்தைவிட, நோயினாலும் காய்ச்சலாலும் ஆக்சிஜன் குறைவாலும் வருவதே அதிகம்.

முப்பது வாரங்களைத் தாண்டியவர்களுக்கு வேறு கணக்கு. சில நாட்களோ வாரங்களோ தாக்குப்பிடிக்க முடியும் என்றால் முதலில் பிரசவம், பிறகு ஆபரேஷன் என்று திட்டமிடலாம். கடைசி மாதங்களில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. அவசியமான ஆபரேஷனை அதற்காக நிறுத்தச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் ஆகும், சுருக்க முடியுமா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

படி 6: ஆபரேஷனுக்கு முந்தைய நாட்கள்

ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். கர்ப்பத்தில் 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. நாள் இருந்தால் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றி உயர்த்திவிடலாம். உங்கள் ரத்த வகையில் ரத்தம் தயாராக இருக்கிறதா என்று உறவினர் ஒருவர் பொறுப்பெடுத்துக் கவனிக்கட்டும்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை முன்கூட்டியே வாங்கி, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துப் பழகுங்கள். ஆபரேஷன் முடிந்த வலியில் புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம்.

24 வாரம் முதல் 34 வாரம் வரை உள்ளவர்களுக்கு, குறைமாதத்தில் குழந்தை பிறந்துவிட வாய்ப்பு இருந்தால், அதன் நுரையீரல் முதிர்ச்சிக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசி. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதனால் சில நாட்கள் சர்க்கரை ஏறும், கண்காணிக்க வேண்டும். சீழ் மாதிரி கிருமித் தொற்று இருந்தால் இந்த ஊசி ஏற்றதா என்பதை மகப்பேறு மருத்துவரே முடிவு செய்வார்.

கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுதல். அதனால் காலில் இறுக்கமான காலுறை, நடை, தேவைப்பட்டால் ஹெப்பாரின் ஊசி. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது.

கையெழுத்துப் போடும் முன், நெருக்கடி வந்தால் என்ன முடிவு என்று தாயிடமே பேசிவிடுங்கள். அவர் நினைவோடு இருக்கும்போது, அவர் வாயால் சொல்வதுதான் முக்கியம். கணவரும் மாமியாரும் வெளி வராண்டாவில் நின்று முடிவெடுக்கும் நிலை வரக் கூடாது.

படி 7: தியேட்டருக்குள் என்ன நடக்கும்

தெரிந்திருந்தால் பயம் குறையும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கர்ப்பிணியின் உடல் ஏறத்தாழ 20 சதவீதம் அதிக ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் மிச்சம் இருக்கும் காற்றும் கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. செலவு கூடி சேமிப்பு குறைந்த குடும்பம் மாதிரி நிலைமை. மூச்சு நின்றால் மற்றவர்களைவிட வேகமாக ஆக்சிஜன் இறங்கிவிடும். அதனால்தான் மயக்கம் கொடுப்பதற்கு முன் சில நிமிடங்கள் முகமூடியில் சுத்த ஆக்சிஜன் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் நிதானமாக ஆழ்ந்து மூச்சு விடுங்கள். இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகாமல் இருக்க அமிலம் குறைக்கும் மருந்தும் கொடுப்பார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்ன நேரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

ஆபரேஷன் செய்யும் பக்கத்து நுரையீரலை ஓய்வில் வைத்து, மற்றொன்றை மட்டும் இயக்குவார்கள். இரண்டு வழி உள்ள மூச்சு டியூப் இதற்குத்தான். அந்த நேரத்தில் தாயின் ஆக்சிஜனை 95-க்கு மேலேயே வைத்திருக்கப் பார்ப்பார்கள். தாயின் ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் கவனிப்பார்கள். சாதாரணமாக 40 அளவில் இருப்பது கர்ப்பிணிக்கு 30 அளவில்தான் இருக்கும். அது ஏறினாலும் அளவுக்கு மீறி இறங்கினாலும் குழந்தைக்கு நல்லதல்ல.

விலா எலும்புகளுக்கு இடையே சிறு துளைகள் வழியாக கேமராவை விட்டுச் செய்ய முடிந்தால் வலியும் குறைவு, எழுந்து நடப்பதும் சீக்கிரம். சீழ் முற்றியிருந்தாலோ ரத்தக் கசிவு அதிகம் என்றாலோ நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும். துளையில் ஆரம்பித்துத் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குழந்தையின் இதயத்துடிப்பை ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் பார்ப்பார்கள். மாதம் கூடியிருந்தால் நடுவிலும் பார்க்கலாம். மருந்தில் குழந்தையும் தூங்குவதால் துடிப்பின் ஏற்ற இறக்கம் குறைந்து தெரியும். அது எதிர்பார்த்ததுதான்.

படி 8: ஐ.சி.யூ.விலும் வார்டிலும்

கண் விழிக்கும்போது நெஞ்சில் ஒன்றோ இரண்டோ டியூப் இருக்கும். அது தண்ணீர் உள்ள பாட்டிலில் முடியும். பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நடக்கும்போதும் பாத்ரூம் போகும்போதும் கூடவே கீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டியூபை நீங்களாகவோ கூட இருப்பவரோ மடக்கிப் பிடிக்கக் கூடாது. அது கழன்றாலோ பாட்டில் உடைந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்வது இங்கே நல்ல குணம் ஆகாது. வலியில் ஆழ்ந்து மூச்சு விடாமலும் இருமாமலும் இருந்தால் சளி தேங்கி நிமோனியா வரும். முதுகிலோ விலா நரம்புப் பக்கத்திலோ மரத்துப்போகும் மருந்தைச் சிறு குழாய் வழியாகக் கொடுப்பது நல்ல முறை. பாராசிட்டமால் தைரியமாக எடுக்கலாம். ஆனால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். பனிக்குட நீர் குறையலாம். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளவும் கூடும். மருந்துக் கடையில் "வலி மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் இந்த வகைதான் வரும்.

இருமும்போது தலையணையை வெட்டின பக்கத்தோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். படுக்கும்போது மல்லாக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். வயிறு இறுகி இறுகி விட்டாலோ, அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி வந்தாலோ, நீர் கசிந்தாலோ, அதை ஆபரேஷன் வலி என்று நினைத்து மறைக்க வேண்டாம். வலி மருந்தின் மயக்கத்தில் பிரசவ வலி தெரியாமல் போவதுண்டு, அதனால் கூட இருப்பவரும் அவ்வப்போது வயிற்றில் கை வைத்துப் பார்க்கட்டும்.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

பத்தியம் என்ற பெயரில் ரசமும் சாதமுமாக நிறுத்திவிடாதீர்கள். காயம் ஆறவும் குழந்தை வளரவும் முட்டை, மீன், பருப்பு, பால், சுண்டல் எல்லாம் வேண்டும். தினமும் நடை, மூச்சுப் பயிற்சி. பாரம் தூக்க வேண்டாம். வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்கக் கூடாது, வாசலிலும்தான்.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு தினமும் ஒரே நேரத்தில் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல் இவையும் அப்படியே.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகிற வழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஊர் மாறினால் மருத்துவமனையும் மாறும். தாய் வீடு இருக்கும் ஊரில் இந்தச் சிகிச்சையைக் கவனிக்க ஆள் இல்லையென்றால், இந்த ஒரு முறை அம்மா உங்களிடம் வந்து தங்கட்டும். போவதாக இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, சி.டி. படங்கள் எல்லாம் கூடவே போக வேண்டும். அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடமும் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.

படி 10: பிரசவம்

நுரையீரலில் ஆபரேஷன் ஆனது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. சுகப்பிரசவம் பலருக்கும் முடியும். முதுகில் எபிடியூரல் போட்டு வலியைக் குறைத்து, கடைசியில் நீண்ட நேரம் முக்க விடாமல் கருவி வைத்துக் குழந்தையை எடுப்பது, குறிப்பாகக் காற்றுக் கசிவு இருந்தவர்களுக்கு, பாதுகாப்பான வழி. சிசேரியன் வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டால் முடிந்தவரை முதுகில் ஊசி போட்டுச் செய்வது நல்லது. முழு மயக்கம் தவிர்க்க முடியாது என்றால், நுரையீரலில் என்ன செய்யப்பட்டது என்பது மயக்க மருந்து நிபுணருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்துமாவும் இருந்தால், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் கார்போபிராஸ்ட் ஊசி மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதால், ஆஸ்துமா இருப்பதைப் பிரசவ அறைக்குள் போகும்போதே சொல்லிவிடுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கலாம். தையல் உள்ள பக்கம் அழுத்தாமல், குழந்தையை அக்குளுக்குக் கீழே கையில் தாங்கிக் கொடுத்தால் வலிக்காது. பிரசவத்துக்குப் பிறகு ஐபுபுரூஃபன் எடுப்பதில் பாலுக்குத் தடை இல்லை, கோடீன் கலந்த மாத்திரையும் இருமல் மருந்தும் வேண்டாம். கர்ப்பத்துக்காகத் தள்ளிவைத்த ஆபரேஷன் ஏதும் இருந்தால், பிரசவத்துக்குப் பின் முதல் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே நெஞ்சு அறுவை நிபுணரையும் பார்த்துத் தேதி வாங்கிவிடுங்கள். குழந்தை வேலையில் அது மறந்துபோகும். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் பரிசோதனையும் செய்துகொண்டு, அந்த ரிப்போர்ட்டோடு நெஞ்சு டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் பாருங்கள்.